பசுவுக்கு முன்னே சென்ற பால்

பத்தாயிரம் மாடுகள் மேயும் பண்ணையில் காப்பியில் விடுவதற்கு ஒரு கரண்டிப் பால் கிடையாது என்று சொன்னால், நமது நேயர்கள் அதைக் கட்டுக்கதை என்றே தள்ளிவிடுவார்கள். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்களில் இது அன்றாட நிகழ்ச்சி. டெக்ஸாஸ் சமவெளியில் திரிந்த நீண்ட கொம்பு மாடுகள் பாதி காட்டு ஜாதி. அவற்றின் மடியில் ஊறும் பால் கன்றுக்குப் போதுமே ஒழிய மனிதனுக்கு மிஞ்சாது. மிஞ்சினாலும் அருகே சென்று கறக்க அவை இடங்கொடா. குதிரைமேல் ஏறி மந்தை ஓட்டும் வீரர்களோ, மணையில் குந்திப் பால் கறப்பதைத் தங்கள் மீசைக்கு இழுக்கு என்று கருதியவர்கள். ஆகவே மாட்டுச் சமுத்திரத்தின் நடுவே இருந்துகொண்டு, ஆயிரம் மைலுக்கு அப்பால் கிழக்குக் கரையில் காய்ச்சித் தகரத்தில் அடைத்த பாலைக் கத்தி முனையால் துளை போட்டுச் சாய்த்துக் காப்பியில் விட்டுக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் வேடிக்கையாக இட்ட பெயர் ‘டப்பாப் பசு’ என்பது.

நமது நாட்டில் ஒரு குடும்பம் புதிதாக வீடு கட்டிக் குடிபுகுமானால், முதலில் வாசற்படியைத் தாண்டுவது பசுவும் கன்றும். அடுப்பு மூட்டியவுடன் முதலிற் பொங்குவது பால். புதிய பூமியில் கால் வைக்கிறவன் தன் பசுவுக்குப் புல்லும் தண்ணீரும் உண்டா என்று பார்த்துத்தான் குடிசை போட்டான். புல் எங்கே முளைக்கும், மழை எப்பொழுது பெய்யும், ஆறு எப்பொழுது வற்றும் என்பவற்றை அவன் அங்கு முன்னமே குடியிருந்தவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்க எல்லைப்புறத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் துப்பாக்கியையும், 1869ல் கடலுக்குக் கடல் இணைந்த ரயில் பாதையையும், முள்ளுக் கம்பியையும் பற்றிப் பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறார்கள். பால் டப்பாவுக்கும் அந்த வரிசையில் ஓர் இடம் உண்டு என்பது நமது அபிப்பிராயம். பசுவுக்கு முன்னே பால் சென்றுவிட்ட நாடு அது.

இந்த விந்தையைச் செய்தவர் கெய்ல் போர்டன் என்பவர். 1801ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்து, மேற்கு நோக்கி நகர்ந்து, டெக்ஸாஸில் குடியேறியவர். நில அளவைக்காரர், சுங்க அதிகாரி, 1835ல் டெக்ஸாஸ் மக்கள் மெக்ஸிகோவுக்கு விரோதமாகக் கிளம்பிய காலத்தில் ஒரு பத்திரிகையை நடத்தியவர். பத்திரிகையை விட்டுப் பாலுக்குப் போனவர் அவர் ஒருவரே என்று நினைக்கிறோம். பொருள் சேர்ந்ததும் அங்கேதான் என்பதைச் சக பத்திரிகாசிரியர்களின் யோசனைக்கு விட்டுவிடுகிறோம். எல்லைப்புறத்து யாத்திரிகர்கள் உணவின்றி மடிவதைக் கண்டு, மாமிசத்தைச் சுண்டக் காய்ச்சி மாவுடன் சேர்த்து ஒருவகை பிஸ்கோத்து செய்தார். 1851ல் லண்டன் மகா கண்காட்சியில் அதற்கு உயர்ந்த பதக்கம் கிடைத்தது. பதக்கம் கிடைத்ததே தவிர, வாயில் வைக்கச் சகிக்கவில்லை என்று பட்டாளத்தார் தள்ளிவிட்டனர். அந்த வியாபாரத்தில் அவருடைய சொத்து கரைந்தது.

அந்த லண்டன் பிரயாணத்திலிருந்து கப்பலில் திரும்புகையில், கப்பலில் கட்டியிருந்த பசுக்கள் நோயுற்றுப் பால் கெட்டுப்போனதையும், கைக்குழந்தைகள் இறந்ததையும் அவர் கண்ணாற் கண்டார் என்றும், அன்றே பாலைக் கெடாமல் வைக்கும் வழி தேடினார் என்றும் சொல்லுகிறார்கள். விவரங்கள் எழுதுகிறவருக்கு எழுதுகிறவர் மாறுகின்றன. ஆனால் கப்பலுக்குப் போகாமலே அக்காலத்து நியூயார்க் நகரத்தில் அதே காட்சியைக் காணலாம். சாராயம் வடித்த கசண்டைக் காற்றில்லாத கொட்டில்களில் கட்டிய மாடுகளுக்கு ஊட்டி, நீலம் பாய்ந்த பாலைக் கறந்து, சுண்ணாம்புத் தூள் கலந்து வெண்மையாக்கித் தெருத் தெருவாக விற்றார்கள். 1858ல் பிராங்க் லெஸ்லி என்பவர் தமது சித்திரப் பத்திரிகையில் அந்தக் கொட்டில்களின் படங்களையே அச்சிட்டு வியாபாரிகளின் மானத்தை வாங்கினார். நல்ல பாலுக்கு நகரம் ஏங்கிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் போர்டனுடைய டப்பா தெருவுக்கு வந்தது. அந்த டப்பா அந்நாளில் எத்தனையோ குழந்தைகளுக்கு நன்மை செய்தது என்பதை ஒப்புக்கொள்ளாமல் மேலே செல்வது நியாயமாகாது.

பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை ஓட்டிவிட்டால் சுமை குறையும். ஆனால் திறந்த பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சினால் பால் தீய்ந்து நிறம் மாறும். நம் வீட்டுப் பெண்கள் கிளறி இறக்கும் திரட்டுப்பால் ருசியானது, மாதக்கணக்கில் இருக்காது. நியூயார்க் மாகாணத்தில் ஷேக்கர் என்னும் ஒரு மதக் கூட்டத்தார், காற்றை உறிஞ்சி எடுத்த மூடு கொப்பரையில் பழரசத்தைக் குறைந்த சூட்டில் வற்றவைப்பதைப் போர்டன் கண்டார். அதே கொப்பரையில் பாலை இட்டார். பிறகு ஏராளமாகச் சர்க்கரை சேர்த்தார். முடிந்த சரக்கில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் சர்க்கரை. அவ்வளவு சர்க்கரையில் கிருமி பெருக முடியாது. ஊறுகாயில் உப்புச் செய்யும் வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது.

1853ல் உரிமைப் பதிவுக்கு மனுச் செய்தார். வெற்றிடத்தில் காய்ச்சுவது புதிதன்று என்று பதிவு அலுவலகத்தார் மீண்டும் மீண்டும் மறுத்தனர். காற்று படாமல் இருப்பதே பால் கெடாமைக்குக் காரணம் என்று வாதாடி, சாஸ்திரிகளின் சாக்ஷியத்தையும் தாக்கல் செய்து, 1856 ஆகஸ்டில் உரிமை பெற்றார். சட்டத்தில் ஜயித்த அந்த வாதம் சாஸ்திரத்தில் முழுதும் சரியன்று. கிருமிகளைப் பற்றிய பாஸ்டரின் ஆராய்ச்சிகள் உலகத்துக்கு விளங்கியது அதற்குப் பிறகு. கட்சிக்காரன் தப்பான காரணத்தால் சரியான தீர்ப்பைப் பெறுவதை நியாயஸ்தலத்தில் பழகியவர்கள் கண்டிருப்பார்கள். உரிமை வந்தும் முதல் தொழிற்சாலை நடக்கவில்லை. ரயில் வண்டியில் தற்செயலாகச் சந்தித்த ஜெரமையா மில்பாங்க் என்ற தனவந்தர் முதல் போட்ட பிறகே, 1857ல் கம்பெனி நிலைத்தது. 1861ல் உள்நாட்டு யுத்தம் மூண்டதும் வடக்கத்தியப் பட்டாளம் டப்பாப் பாலைக் கேட்கத் தொடங்கியது. தொழிற்சாலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. யுத்தம் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய், அந்தத் தித்திப்பை நாவில் கொண்டுபோனான். அவர்களிற் பலர் சர்க்கார் கொடுத்த நிலத்தைத் தேடி மேற்கே போனார்கள். அவர்கள் வண்டியிலே டப்பாவும் போயிற்று. 1866ல் பேஜ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் ஸ்விட்ஸர்லாந்தில் இதே தொழிலைத் தொடங்கினர். 1905ல் நெஸ்லே கம்பெனியுடன் இணைந்தது அந்த ஸ்தாபனமே.

சர்க்கரை சேர்த்த பாலைச் சோற்றிலோ கஞ்சியிலோ கறியிலோ விட முடியாது. சர்க்கரை இல்லாமல், அடைத்த டப்பாவையே நீராவியில் வேகவைத்துக் கிருமியைக் கொல்லலாம் என்று மெயென்பெர்க் என்ற ஒரு ஸ்விஸ் தொழிலாளி தம் முதலாளிகளிடம் சொன்னார். அவர்கள் காது கொடுக்கவில்லை. அவர் கப்பலேறி அமெரிக்கா வந்து, 1884ல் உரிமைப் பதிவு செய்து, 1885ல் இல்லினாய் மாகாணத்தில் ஹைலண்டு என்னும் ஸ்விஸ்காரர் ஊரில் ஒரு தொழிற்சாலையை ஆரம்பித்து வைத்தார். தொடக்கத்தில் சரக்கு கெட்டுப்போய் வந்த கஷ்டங்கள் பல. பிறகு அவர் மேற்குக் கரைக்குப் போனார். அங்கே அவருக்காகப் பொன் காத்திருந்தது.

1896 ஆகஸ்டு மாதத்தில் கனடாவின் வடமேற்கு மூலையில், கிளாண்டைக் ஆற்றின் கிளை ஓடை ஒன்றில் தங்கம் கண்டார்கள். 1897ல் செய்தி வெளியுலகத்துக்கு எட்டியவுடன் ஏறக்குறைய லக்ஷம் பேர் புறப்பட்டார்கள் என்பது மதிப்பு. போய்ச் சேர்ந்தவர்கள் முப்பதினாயிரம், நாற்பதினாயிரம் பேர் இருக்கலாம். வழியில் சில்கூட் என்னும் கணவாய். பனிக்கட்டியில் படி வெட்டி, எறும்புச் சாரையைப் போல் ஒருவன் பின் ஒருவனாக ஏறவேண்டும். கனடாவின் குதிரைப் போலீஸார் கணவாயின் உச்சியில் நின்றுகொண்டு, ஒரு வருஷத்துக்கு வேண்டிய ஆகாரம் இல்லாதவனை உள்ளே விடவில்லை. ஆகாரமும் கருவிகளுமாக ஆளுக்கு ஒரு டன் சுமை. ஒரே நடையில் யாரால் ஒரு டன்னைச் சுமக்க முடியும்? ஒரு மூட்டையை உச்சியில் போட்டுவிட்டு இறங்கி, அடுத்த மூட்டையுடன் ஏறி, இருபது முப்பது தடவை அதே மலையில் ஏறி இறங்கினார்கள்.

அந்தச் சுமையில் என்ன இருந்தது என்பதற்கு அக்காலத்துக் கடைக்காரர்கள் அச்சிட்ட பட்டியல்களே சாக்ஷி. மாவு 400 பவுண்டு, உப்பிட்ட பன்றியிறைச்சி 150 பவுண்டு, அவரை 100 பவுண்டு, காய்ந்த ஆப்பிள், காப்பி, தேயிலை, நெருப்புப் பெட்டி, சவுக்காரம். அவற்றோடு டப்பாப் பால் நாலு டஜன். தங்கம் தேடுகிறவன் முதுகில் பால் ஏறியதைப் பாருங்கள்! சியாட்டில் நகரத்துக் கடைவீதி இந்தச் சாமான்களை விற்றே கொழுத்தது. அந்த நகரத்துக்கு அருகே கென்ட் என்னும் ஊரில் 1899 செப்டம்பரில் ஸ்டூவர்ட் என்ற மளிகை வியாபாரி, மெயென்பெர்க்கின் துணையைக் கொண்டு ஒரு தொழிற்சாலை திறந்தார். கார்னேஷன் என்ற பெயருடன் உலகெங்கும் போன பால் அதுவே. அவருடைய முதல் வாடிக்கைக்காரர்கள் வடக்கே போகும் பொன் வேட்டைக்காரர்கள். தங்கத்தைத் தேடிப் போனவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையுடன் திரும்பினர். அவர்களுக்குப் பால் விற்றவர் வெறுங்கையுடன் திரும்பவில்லை.

1898 கோடையில் டாஸன் நகரத்துக்கு முதற்பசு வந்து சேர்ந்தபோது, அதன் பால் காலன் 30 டாலருக்கு விற்றதாக அந்நாளைச் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த விலையைக் கேட்டபின் டப்பாவின் மகிமை தானே விளங்கும்.

அப்படியானால் அந்த ஆற்றங்கரை யாருமில்லாத சூனியப் பிரதேசமா? அல்ல. ட்ரொண்டெக் ஹ்வெச்சின் என்னும் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்தார்கள். ‘கிளாண்டைக்’ என்பதே அவர்களுடைய மொழிச் சொல்லை வெள்ளையர் நாவால் திரித்துச் சொன்னதுதான். ஆற்றில் முளை அறைந்து தடுப்புக் கட்டிச் சால்மன் மீன் பிடித்தார்கள். மீனைக் காயவைத்து மாரிக்காலத்துக்குச் சேர்த்தார்கள். மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடினார்கள். ஒரு டப்பாவும் இல்லாமல் அந்தப் பனிப் பூமி அவர்களைப் போஷித்தது. ஆறு கூடும் முனையில் இருந்த அவர்களுடைய மீன்பிடித் துறையின்மேல் பொன் வேட்டைக்காரர்களின் கொட்டகைகள் எழுந்தன. 1897ல் ஐசக் என்ற அவர்களுடைய தலைவர் தம் மக்களை அழைத்துக்கொண்டு ஆற்றுக்குக் கீழே மூஸ்ஹைட் என்ற இடத்துக்குப் பெயர்ந்தார்.

இங்கேதான் டப்பாவின் வேலை நமக்குப் புலப்படுகிறது. பழைய காலத்து அந்நியன் எவ்வளவு பலவானாயினும், பசி வந்தபோது பூமிக்குரியவனைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். கேட்கிற வாய் சிறிதேனும் மரியாதையாகப் பேசும். ஓராண்டு ஆகாரத்தை முதுகில் சுமந்து வந்தவனுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆற்றில் மீன் எப்பொழுது ஏறும் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம். அந்த ஆற்றையே சேறாக்கினாலும் அவன் வயிறு காயாது. ஒன்று மட்டும் டப்பாவில் இல்லை. மாரிக்காலத்தில் ஈறு வீங்கிப் பல் ஆடும் ஸ்கர்வி நோய் அந்தச் சுரங்கக்காரர்களைப் பிடித்தது. டப்பாப் பாலிலும் உப்பு மாமிசத்திலும் அதைத் தடுக்கும் சத்து இல்லை. வடநாட்டு ஆதிக்குடிகளோ, ஸ்ப்ரூஸ் மரத்தின் ஊசி இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் அந்த நோய் அணுகாது என்பதை அறிந்திருந்தார்கள். மருந்து மரத்தில் இருந்தது. ஆனால் மரத்தைப் பற்றிக் கேட்பதற்கு டப்பா இடம் வைக்கவில்லை.

பலசாலியான ஆண்மகன் காப்பியில் விட்டுக் குடிக்கும்வரை இதில் பெரிய கேடு ஒன்றுமில்லை. அதே டப்பா தாயின் முலைக்குப் பதிலாகக் குழந்தையின் வாயில் வைக்கப்பட்டபோது கதை வேறாயிற்று. பாலிலுள்ள வெண்ணெயை இயந்திரத்தால் எடுத்து நல்ல விலைக்கு விற்றுவிட்டு, எஞ்சிய நீர்ப்பாலைச் சர்க்கரை சேர்த்துக் கட்டியாக்கி ஏழைகளுக்கு மலிவாக விற்கும் தந்திரம் வியாபாரிகளுக்கு விரைவில் கைவந்தது. வெண்ணெயுடன் கண்ணைக் காக்கும் சத்தும், எலும்பை வளர்க்கும் சத்தும் போய்விடுகின்றன. சர்க்கரையால் குழந்தை பருமனாகத் தோன்றும், கால் வளையும், கண் மங்கிச் சில சமயம் குருடாகும். கென்டில் தொழிற்சாலை திறந்த அதே 1899ல், இங்கிலாந்தின் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது: வெண்ணெய் எடுத்த பால் டப்பாவின்மேல் ‘இயந்திரத்தால் ஏடு எடுத்த பால்’ என்று பெரிய, தெளிவான எழுத்தில் அச்சிட வேண்டும். 1911ல் டாக்டர் கூட்ஸ் என்பவர், டப்பாப் பால் குழந்தைகளுக்கு உணவாகக் கொடுக்கப்படுவதைப் பற்றி அந்நாட்டுச் சர்க்காருக்கு ஒரு விசாரணை அறிக்கையே எழுதினார். 1923ல் ‘குழந்தைகளுக்கு ஆகாது’ என்று அச்சிடவேண்டும் என விதி வந்தது.

விதி நல்ல விதிதான். ஆனால் எழுத்து எவ்வளவு பெரிதாயினும் அது இங்கிலீஷ் எழுத்து. படிக்கத் தெரியாத தாய்க்குத் தெரிவது டப்பாவின்மேலுள்ள படம். படத்தில் சிரித்த முகத்துடன் பால்காரப் பெண்ணோ, கொழுத்த பசுவோ நிற்கும். சட்டம் எழுத்தைக் கவனித்தது. வியாபாரம் படத்தைக் கவனித்தது.

இந்த வழக்கில் நம்மவர்களும் கட்சிக்காரர்களே. மலாய் நாட்டில் காட்டை அழித்து ரப்பர் தோட்டம் போட்டபோது, எல்லைப்புறத்துக்குச் சென்று குடியேறிய கூலிகள் தமிழர்கள். ரப்பர் மரத்தை அவர்கள் ‘பால்மரம்’ என்று அழைத்தார்கள். விடியுமுன் தாய் பால்மரம் வெட்டப் போகவேண்டும். கைக்குழந்தை ஆயாவின் கொட்டகையில் கிடக்கவேண்டும். காலை முழுதும் மரத்தின் பாலை வாளியில் சேர்த்தவள், தன் பாலைத் தன் குழந்தைக்கு ஊட்ட நேரமில்லாதவளானாள். பசு வளர்த்துச் சமாளித்த குடும்பங்களும் தோட்டங்களில் இருந்தன. இடமும் அவகாசமும் இல்லாதவர்களுக்குக் கடைக்காரனுடைய டப்பாவே கதி. அந்நாட்டில் டப்பாப் பால் விடாத தேநீர் இல்லை. காலி டப்பாவில் துளையிட்டுக் கயிறு கட்டி, அதிலேயே காப்பியை வாங்கிக்கொண்டு போனார்கள். இலங்கையிலோ அதே டப்பாவைச் ‘சுண்டு’ என்று வைத்து அரிசி அளந்தார்கள். அடுக்களையில் ஒரு பொருள் அளவுகோலாகவே ஆகிவிட்டால், அது எவ்வளவு தூரம் வேரூன்றியிருக்கும் என்று வேறு சொல்ல வேண்டியதில்லை.

1936ல் ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் மலாய் நாட்டு உத்தியோகத்துக்கு வந்தார். ஜமெய்க்காவில் பிறந்தவர், ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்ட் நாட்டில் பணிபுரிந்தபோது, முலைப்பால் மறந்த குழந்தைகளுக்கு வரும் க்வாஷியார்க்கர் என்னும் வீக்க நோயை அந்நாட்டுப் பெயராலேயே வைத்திய உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர். சிங்கப்பூரில் தாதிகளைப் போல் உடை தரித்த விற்பனைப் பெண்கள் தாய்மாரிடம் சென்று, டப்பாப் பாலே உயர்ந்தது என்று பிரசாரம் செய்வதைக் கண்டார். தாய்ப்பால் வற்றிய பிறகு தாய்க்கு வேறு வழியில்லை, டப்பாவின் விலைக்குப் பயந்து அதிகத் தண்ணீர் விட்டுக் கரைப்பாள், தண்ணீரோ அசுத்தம். 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தார் அவரைப் பேச அழைத்தார்கள். அந்தச் சங்கத்தின் தலைவர் ஒரு பெரிய பால் கம்பெனியின் பிரமுகர் என்பர். அந்த அம்மையார் தமது பேச்சுக்கு இட்ட தலைப்பு ‘பாலும் கொலையும்’ என்பது. குழந்தை உணவைப் பற்றிய தவறான பிரசாரத்தை மிகக் கொடிய ராஜத்துரோகமாக எண்ணித் தண்டிக்கவேண்டும், அதனால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கொள்ளவேண்டும் என்று அங்கே அவர் சொன்னார்.

ராஜத்துரோகம்! அச்சொல்லை ஆங்கில ஆட்சி யார்மீது பிரயோகித்தது என்பதை நமது நேயர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. 1908ல் திலகர் பெருமானுக்கு ஆறு வருஷம்; 1922ல் மகாத்மா காந்திக்கு ஆறு வருஷம். எழுதியதற்கும் பேசியதற்கும் 124-ஏ பிரிவு இருந்தது. கைக்குழந்தையின் வாயிலிருந்து தாய்ப்பாலைப் பறிக்கும் பிரசாரத்துக்கு ஒரு பிரிவும் இல்லை. சர்க்கார் உத்தியோகத்திலிருந்த ஒரு ஸ்திரீ, வியாபாரப் பிரமுகர்கள் கூடிய விருந்தில் எழுந்து நின்று அந்தச் சொல்லை அவர்கள் பக்கமே திருப்பியது சாதாரண நெஞ்சுரமன்று. ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபின் அவர் 1945 வரையில் சிறையில் கிடந்து உயிர் தப்பினார்.

யுத்தம் முடிந்த அதே 1945ல், கனடா சர்க்கார் குழந்தைகளுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதந்தோறும் குழந்தைக்கு 5 டாலர் முதல் 8 டாலர் வரையில் உதவித்தொகை தரத் தொடங்கினர். நல்ல ஏற்பாடு. தெற்கிலுள்ள வெள்ளைக்காரத் தாய்க்குத் தொகை செக்காக வந்தது; அவள் இஷ்டம்போல் செலவிடலாம். வடகோடிப் பனிநாட்டில் வாழும் இனுயிட் மக்களுக்கு, அக்காலத்தில் எஸ்கிமோக்கள் என்று அழைக்கப்பட்டவர்களுக்கு, தொகை கையில் கொடுக்கப்படவில்லை. வியாபார நிலையத்தில் அவர்கள் பெயரில் வரவு வைக்கப்பட்டது; சர்க்கார் அங்கீகரித்த ஜாபிதாவிலுள்ள சாமான்களை மட்டும் வாங்கலாம். அந்த ஜாபிதாவில் பாலும், ‘பாப்லம்’ என்னும் டப்பாக் கஞ்சிமாவும் முக்கியமானவை. வியாபார நிலையங்களில் பெரும்பாலானவை ஹட்ஸன் பே கம்பெனிக்குச் சொந்தம். 1670ல் ராஜ சாஸனம் பெற்ற அக்கம்பெனி, நமது நாட்டை விழுங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம்.

இரண்டு மூன்று வயது வரையில் தாய்ப்பால் குடித்து, சீல் மாமிசமும் கரிபு மானும் தின்று வளர்ந்தவை அக்குழந்தைகள். அவற்றுக்குப் பசும்பால் என்பது தலைமுறையில் அறியாத பண்டம். உதவி செய்வதாக வந்தவர்கள், ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று அத்தாய்மாரைக் கேட்கவில்லை. பனியில் ஓடும் நாய்க்கும் துப்பாக்கித் தோட்டாவுக்கும் அந்தத் தொகை பயன்பட்டிருந்தால், குழந்தைக்கு வேண்டிய மாமிசத்தைத் தகப்பன் கொண்டுவந்திருப்பான். எந்த உணவால் ஒருவன் உடம்பு வளர்ந்ததோ அதை இழிவென்றும், தகரத்திலிருந்து வருவதே நாகரிகம் என்றும் கருதச் செய்வதற்குப் பட்டாளம் வேண்டாம். ஒரு ஜாபிதா போதும். அரை நூற்றாண்டுக்கு முன் கிளாண்டைக்கில் அந்நியன் தனக்காகச் சுமந்துவந்த டப்பா, இப்பொழுது பூமிக்குரியவன் வீட்டுக்கே சர்க்கார் முத்திரையுடன் போய்ச் சேர்ந்தது.

ஸிஸிலி வில்லியம்ஸ் பேசி நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, 1981 மே மாதத்தில், தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்தும் விதித்தொகுதியை உலக சுகாதார மகாசபை நிறைவேற்றியது. சாதகமாக 118 வோட்டுக்கள். எதிராக ஒரே ஒரு வோட்டு. அந்த ஒன்று போர்டனுடைய தேசத்தின் வோட்டு. நம் நாட்டில் 1992ல் இதற்குச் சட்டம் வந்தது. அதன்படி குழந்தைப் பால் டப்பாவின்மேல் தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் இருக்கவேண்டும். குழந்தையின் படமோ ஸ்திரீயின் படமோ இருக்கக் கூடாது. எழுத்தை மாத்திரம் கவனித்த 1899ஆம் வருஷத்துச் சட்டக்காரர்களைவிட நம்மவர்கள் வியாபாரியின் தந்திரத்தை நன்றாக அறிந்திருந்தார்கள் என்று மகிழலாம்.

ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களுக்கும் கனடா சர்க்காருக்கும் 1998ல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாகி, அவர்களுடைய சுயாட்சி ஒப்புக்கொள்ளப்பட்டது. பழைய மீன்பிடித் துறையும் அவர்கள் கைக்குத் திரும்பியது. 2023ல் அந்தப் பிரதேசத்தை ‘ட்ரொண்டெக்-கிளாண்டைக்’ என்று அவர்கள் பெயரை முன்வைத்தே யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தனர். சில்கூட் கணவாய் இப்பொழுது சரித்திரச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. மலைமேல் நடந்து போகிறவர்கள் பாறைகளின் இடுக்கில் பொன் வேட்டைக்காரர்கள் எறிந்துவிட்டுப் போன தகர டப்பாக்கள் துருவேறிக் கிடப்பதை இன்றும் காணலாம். அவற்றில் ஒன்றையேனும் எடுத்துக்கொண்டு போவது சட்டப்படி குற்றம்.